முதலில் குழாயைக் கழற்றிப் பார்!

“கியர் பாக்ஸ் போச்சு!”

வண்டி ஒரே ஒரு உதை உதைத்தால் போதும், இந்தத் தீர்ப்பு வந்து விழுந்துவிடும். அடியில் குனிந்து பார்த்தவர் இல்லை. அளந்தவர் இல்லை. ஒரு திருகைக்கூடத் தொட்டவர் இல்லை. ஆனாலும் தீர்ப்பு தயார். “பெட்டியை இறக்கிட வேண்டியதுதான், பெரிய செலவு” என்று தலையை ஆட்டுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு.

நண்பா, நீ உன்மேல் எழுதி வைத்திருக்கிற தீர்ப்புகளும் இப்படித்தானே வந்தன? நேர்முகத் தேர்வில் நாக்குக் குழறியது. ‘எனக்குப் பேச வராது’ என்று முடிவு கட்டினாய். கணக்கில் இரண்டு முறை மார்க் குறைந்தது. ‘எனக்குக் கணக்கு ஏறாது’ என்றாய். தொடங்கிய கடை கையைக் கடித்தது. ‘நமக்கு வியாபார ராசி இல்லை’ என்று ஷட்டரை இழுத்து மூடினாய். சோதித்தாயா? இல்லை. அளந்தாயா? இல்லை. பிறகு யார் கொடுத்த அதிகாரத்தில் உனக்கு நீயே தண்டனை விதித்தாய்?

எழுந்திரு! இன்றைக்கு உன்னை ஒரு பழைய அமெரிக்கக் காரின் அடியில் படுக்க வைக்கப் போகிறேன். சட்டையில் எண்ணெய் படும், படட்டும். கியர் ஏன் முரட்டுத்தனமாக விழுகிறது என்று முறையாகத் தேடக் கற்றவன், வாழ்க்கை உதைக்கும்போது ஊரைவிட்டு ஓடமாட்டான்.

சாதாரணப் பெட்டியா இது?

1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ‘ஹைட்ரமாட்டிக்’ என்ற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைக் கொண்டுவந்தது ஜெனரல் மோட்டார்ஸ். கிளட்ச் மிதிக்கே வேலை இல்லாமல் போனது. அந்தப் பெயரைச் சுமந்து 1964-இல் காடிலாக், பியூக் கார்களில் வந்து இறங்கியது ‘டர்போ ஹைட்ரமாட்டிக் 400’. மூன்றே கியர். பெரிய வி-8 எஞ்சின்களின் இழுவையைத் தாங்குவதற்கென்றே வார்த்த உடம்பு.

அதன் பெருமையை அமெரிக்கர்கள் சொல்லத் தேவையில்லை. ரோல்ஸ் ராய்ஸ், தன் சில்வர் ஷேடோ காருக்கு இதைத்தான் வாங்கிப் பூட்டியது. ஜாகுவார் தன் 12 சிலிண்டர் கார்களுக்கு இதையே தேடி வந்தது. 1976-இல் ஃபெராரி தன் வரலாற்றிலேயே முதன்முறையாக ஓர் ஆட்டோமேட்டிக் காரை விற்கத் துணிந்தபோது, அந்த ஃபெராரி 400-இன் வயிற்றில் இருந்ததும் இதே பெட்டிதான். அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டிகளையும் இது இழுத்தது. தன் எஞ்சினைத் தானே வார்க்கிற கர்வக்காரக் கம்பெனிகள், இந்தப் பெட்டியை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டன.

இப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்துத்தான், 50 வயது தாண்டிய கார் ஒருநாள் உதைத்ததும், ‘போச்சு’ என்கிறார்கள். உன் பாட்டன் பூட்டன் பஞ்சத்தையும் புயலையும் தாண்டி வந்த ரத்தம் உன் உடம்பில் ஓடுகிறது. ஒரு தோல்வியைப் பார்த்துவிட்டு நீயும் அதையேதான் சொல்கிறாய்!

உதைப்பது ஏன்?

பெட்டிக்குள் அடுக்கடுக்காகக் கிளட்ச் தகடுகள் இருக்கின்றன. எண்ணெய் அழுத்தம் அவற்றை இறுக்கிப் பிடிக்கும்போதுதான் கியர் விழுகிறது. எவ்வளவு அழுத்தம் வேண்டும்? மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஏறும்போது இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் தகடு நழுவும், எரியும். தெருவில் மெல்ல உருளும்போது மென்மையாகப் பிடித்தால் போதும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து வண்டி இது. அப்படியானால் எஞ்சினுக்கு எவ்வளவு சுமை என்று பெட்டிக்கு யார் சொல்வது?

எஞ்சினின் மூச்சு சொல்கிறது. காலை லேசாக வைத்திருக்கும்போது கார்புரேட்டரின் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். எஞ்சின் காற்றுக்காக உறிஞ்சும். உள்ளே பலமான வேக்குவம் உண்டாகும். மிதித்தால் கதவு திறக்கும், வேக்குவம் விழும். இந்தச் செய்தியை ஒரு மெல்லிய இரும்புக் குழாய் பின்னால் கொண்டுபோகிறது. அதன் இரண்டு முனையிலும் விரல் நீளத்துக்கு ரப்பர் ஹோஸ். குழாய் போய்ச் சேருகிற இடம், பெட்டியின் வலது பக்கத்தில் ஒற்றை போல்ட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு தகர டப்பா. அதன் பெயர் வேக்குவம் மாடுலேட்டர். உள்ளே ஒரு சவ்வும் ஒரு ஸ்பிரிங்கும். வேக்குவம் பலமாக இருந்தால் சவ்வு இழுபட்டு ஸ்பிரிங்கை அடக்கும். எண்ணெய் அழுத்தம் தணியும். கியர் வெண்ணெய் போல விழும். வேக்குவம் போனால் ஸ்பிரிங் திமிறும், அழுத்தம் ஏறும்.

இப்போது அந்த ரப்பர் ஹோஸைப் பார். பல ஆண்டு எஞ்சின் சூட்டில் வெந்து, கறுத்து, கல்லாக இறுகியிருக்கிறது. விரலால் லேசாக வளைத்தால் மயிரிழை போல வெடிப்பு வாய் திறக்கிறது. அந்த வெடிப்பு வழியாக வெளிக்காற்று நுழைந்துவிட்டது. வேக்குவம் டப்பாவுக்குப் போய்ச் சேரவில்லை. வண்டியோ தெருவில் அன்னநடை போடுகிறது. ஆனால் பெட்டிக்குக் கிடைத்த செய்தி: ‘முழுச் சுமை! விடாதே, இறுக்கு!’ அது தன் முழு பலத்தையும் திரட்டித் தகடுகளைப் பிடிக்கிறது. கியர் தாமதமாகவும் விழுகிறது, மடார் என்றும் விழுகிறது. காலிக் குடத்தை நிறைகுடம் என்று நினைத்துத் தூக்கியவன் கை எகிறுமே, அந்த எகிறல்தான் இது.

கவனித்தாயா? உதைத்த பெட்டியிடம் பலம் குறையவே இல்லை. பலம் கூடிப்போனதுதான் வினை! பொய்ச் செய்தியை நம்பி, தேவையில்லாத இடத்தில் முழு பலத்தையும் போட்டது. செய்தி அறுந்தால் பிடியைத் தளர்த்தாமல் இறுக்குகிற மாதிரியே அமைந்திருக்கிறது இந்தப் பெட்டி. நழுவி எரிந்து சாவதைவிட உதைத்துப் பிழைப்பது மேல் அல்லவா?

உன் கை நடுங்கியதே, நாக்குக் குழறியதே, அதுவும் இதுதான். நண்பர்கள் நடுவே ஒரு மணி நேரம் விடாமல் பேசுகிறவன் நீ. உன் நாக்கில் என்ன கோளாறு? அந்த நேர்முகத் தேர்வு அறைக்குள் நுழையும்போது உனக்கு ஒரு பொய்ச் செய்தி போய்ச் சேர்ந்தது: ‘இது ஒன்றுதான் உன் வாழ்க்கை, இது போனால் எல்லாம் போச்சு.’ அரை மணி நேரப் பேச்சுக்கு ஆயுளின் முழு அழுத்தத்தையும் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாய். உதைக்காமல் என்ன செய்யும்? அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது யார்? ‘உனக்கெல்லாம் இது தேவையா’ என்ற உறவினரா? பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டே உன்னை வளர்த்த வீடா? வெடித்த ஹோஸ் அங்கே இருக்கிறது, தேடு!

வரிசையாகக் கேள், வாய்விட்டுப் பதில் வரும்

பயந்தவன் செலவு கூடிய இடத்திலிருந்து தொடங்குவான். பெட்டியை இறக்கச் சொல்வான். துணிந்தவன் காசு செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குவான். துணிச்சலுக்கு வரிசை உண்டு.

முதலில் எண்ணெய். வண்டி நன்றாக ஓடிச் சூடாகியிருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, கியரை பார்க்கில் போட்டு, எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டபடி டிப்ஸ்டிக்கை உருவு. துணியில் துடைத்து மறுபடி விட்டு எடு. செக்கச் சிவந்திருந்தால் நிம்மதி. பழுப்பேறித் தீய்ந்த வாடை வீசினால் உள்ளே தகடு எரிந்திருக்கிறது. உண்மை எதுவானாலும் முகத்துக்கு நேராகப் பார்.

இரண்டாவது, ஒரு நோட்டு. எப்போது உதைக்கிறது என்று எழுது. நின்ற வண்டியை நியூட்ரலிலிருந்து டிரைவுக்குத் தள்ளும்போது மட்டும் ‘டக்’ என்று இடித்தால், பெட்டியைச் சந்தேகிக்கும் முன் மற்றவர்களை விசாரி. ஐடிலிங் வேகம் கூடியிருக்கலாம். யுனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் மவுன்டிங் ரப்பர் பிய்ந்து எஞ்சினே துள்ளிக்கொண்டிருக்கலாம். எல்லாக் கியரும் முரட்டுத்தனமாக விழுந்தால் வேக்குவம் பக்கம் போ. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது மட்டும் உதைத்து, மற்றதெல்லாம் சுமுகமாக இருந்தால், அந்த ஒரு மாற்றத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய அக்யுமுலேட்டர் பிஸ்டனைப் பார். ஒரே சத்தம், மூன்று வேறு காரணங்கள்! ‘வண்டி உதைக்குது’ என்று மொட்டையாகச் சொல்கிறவனுக்கு எதுவும் பிடிபடாது. ‘எப்போது, எந்த இடத்தில்’ என்று கேட்கிறவனுக்குப் பாதி வேலை முடிந்தது.

‘எனக்கு எதுவுமே சரியாக வரவில்லை’ என்பதும் அதே மொட்டைப் பேச்சுதான். எதுவுமேவா? எப்போது வரவில்லை? யார் முன்னால் வரவில்லை? தயார் செய்த நாளிலா, செய்யாத நாளிலா? கேள்!

மூன்றாவது, குழாய். எஞ்சின் ஆறியபின், காரைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்து. வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுப்பது தன்னம்பிக்கை ஆகாது, தற்கொலை. மாடுலேட்டர் முனையில் இருக்கும் ஹோஸைக் கழற்று. உள்ளிருந்து ஒரு சொட்டுச் சிவப்பு எண்ணெய் உன் விரலில் விழுந்தால், கூத்தாடு! குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிட்டான். சவ்வு கிழிந்திருக்கிறது; எஞ்சின் அந்தக் கிழிசல் வழியாகக் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருக்கிறது. புகைப்போக்கியில் வெள்ளைப் புகை வந்ததும், தரையில் ஒரு சொட்டுக் கசிவில்லாமலே எண்ணெய் குறைந்துகொண்டே போனதும் ஏன் என்று அந்த ஒரே சொட்டு சொல்லிவிடும். ஒற்றை போல்ட்டைக் கழற்றி, புது மாடுலேட்டரும் புது ஓ-ரிங்கும் போட்டால் கதை முடிந்தது. பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம்.

ஹோஸுக்குள் எண்ணெய் ஈரமே இல்லையென்றால் அதில் வேக்குவம் கேஜை மாட்டு. உடல்நலமுள்ள எஞ்சின் ஐடிலிங்கில், கடல்மட்டத்தை ஒட்டிய ஊரில், 17 முதல் 21 அங்குலம் காட்டும். முள் ஆடாமல் நிற்கும். முள் தாழ்ந்து கிடந்தால் கோளாறு எஞ்சினில். இக்னிஷன் டைமிங் தவறியிருக்கலாம், வால்வு ஒழுகலாம், இன்டேக் மேனிஃபோல்டில் காற்றுப் புகலாம். அடி வாங்குவது கியர் பாக்ஸ், தப்பு செய்தது எஞ்சின்! எத்தனை பேர் பெட்டியைப் பிரித்து, புதுத் தகடு போட்டு, மறுபடி பூட்டி ஓட்டிப் பார்த்து, பழைய உதையையே வாங்கியிருப்பார்கள்!

கடைசியில் எண்ணெய் அழுத்தம். பெட்டியின் இடது பக்கத்தில் அதற்கென்றே ஒரு துளை, ஒரு மூடி. 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் கேஜை அதில் முறுக்கு. டிரைவில் போட்டு ஹோஸைக் கழற்றினால் சுமார் 150 பி.எஸ்.ஐ.க்கு ஏற வேண்டும். ஹோஸை மாட்டினால் அதில் பாதியளவுக்கு இறங்க வேண்டும். சொன்னபடி ஏறி, சொன்னபடி இறங்குகிறதா? அந்தப் பெட்டியின் பம்ப்பும் ரெகுலேட்டரும் ஆரோக்கியமாக இருக்கின்றன என்று முள்ளே சாட்சி சொல்லிவிட்டது. அதற்குமேல் ஊரார் சாட்சி எதற்கு?

ஒரு எச்சரிக்கை: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஹோஸ், மாடுலேட்டர், ஆயில், டைமிங் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி சரியாகலாம். உனக்குப் பாடம் மிஞ்சாது.

திருகைத் திருப்பும் கெட்டிக்காரர்கள்

சில மாடுலேட்டர்களின் வாய்க்குள் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருப்பி அழுத்தத்தைக் குறைத்தால் உதை அடங்கும். கெட்டிக்காரர்கள் அதைத்தான் செய்வார்கள்: இரண்டு சுற்றுத் திருப்பி, ‘பார், சரியாப்போச்சு’ என்று காசு வாங்குவார்கள். எஞ்சினின் நோய் அப்படியே இருக்கும். குறைத்த அழுத்தத்தில் தகடுகள் மேட்டில் நழுவும். நழுவ நழுவ எரியும். சத்தமே இல்லாமல் ஒரு நல்ல பெட்டி சாகும்.

உன் உதையைச் சத்தமில்லாமல் அடக்கிவிட வருகிறவர்களும் உண்டு. ‘விட்டுடு, பெரிசா ஆசைப்படாதே, இருக்கிறதை வச்சு ஓட்டு’ என்பார்கள். அவர்கள் திருகைத் திருப்புகிறார்கள்! ஆசையின் அழுத்தத்தைக் குறைத்தால் வலி அடங்கும், ஆமாம். அதோடு மேடேறும் தெம்பும் போய்விடும். உன் உதை உனக்குச் செய்தி சொல்ல வந்திருக்கிறது. அதன் வாயைப் பொத்தாதே. அது எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர்ந்து போ.

உண்மையிலேயே போயிருந்தால்?

“எல்லாம் சரி ஐயா, அளந்து பார்த்தேன். எண்ணெய் கரியாக இருக்கிறது. அழுத்தம் ஏறவே இல்லை. பெட்டி உண்மையிலேயே போய்விட்டது. இப்போது என்ன செய்வது?”

கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குப் போவோம், வா.

1953 ஆகஸ்ட் 12. லிவோனியா என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரமாட்டிக் தொழிற்சாலை. 15 லட்சம் சதுர அடி. ஒரு கட்டிங் டார்ச்சிலிருந்து தெறித்த பொறி எண்ணெயில் பற்றியது. உள்ளே தீயைத் தடுக்கும் குறுக்குச் சுவர்கள் இல்லை. கூரையில் பூசிய தார் சூட்டில் உருகிக் கீழே ஒழுகி நெருப்புக்கே தீனியானது. உயிர்கள் போயின. தொழிற்சாலை முழுவதும் சாம்பல். அதுவரை அமெரிக்கத் தொழில்துறை கண்ட தீவிபத்துகளில் மிகப் பெரிய நஷ்டம் அது. ஒரு பெட்டி போகவில்லை; பெட்டிகள் பிறக்கும் இடமே போய்விட்டது!

காடிலாக் காத்திருந்தது. ஓல்ட்ஸ்மொபைல் காத்திருந்தது. பான்டியாக் காத்திருந்தது. கார்கள் தயார், கியர் பாக்ஸ் இல்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்தார்களா? என்ன மிச்சம் என்று கணக்கெடுத்தார்கள். காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் பியூக்கின் டைனாஃப்ளோ பெட்டியை வாங்கிப் பூட்டின. பான்டியாக், செவ்ரோலேயின் பவர்கிளைடைப் பூட்டியது. இடம் எங்கே கிடைக்கும் என்று தேடினார்கள். இரண்டாம் உலகப்போரில் ஃபோர்டு கம்பெனி குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிய வில்லோ ரன் தொழிற்சாலை அகப்பட்டது. சாம்பலிலிருந்து மீட்க முடிந்த இயந்திரங்களை மீட்டு, அங்கே நிறுத்தினார்கள். ஏறத்தாழ மூன்றே மாதம்! ஹைட்ரமாட்டிக் பெட்டிகள் மறுபடி வெளியே வரத் தொடங்கின. ரோல்ஸ் ராய்ஸும் ஃபெராரியும் தேடி வந்து வாங்கிய டர்போ ஹைட்ரமாட்டிக் 400 பின்னாளில் உருவானது அதே வில்லோ ரன்னில்தான்.

தொழிற்சாலை எரிந்தது உண்மை. அதை மறைக்கவில்லை, மறுக்கவில்லை, சின்னதாக்கிச் சொல்லவும் இல்லை. எரிந்தது எது, எரியாதது எது என்று பிரித்தார்கள். எரிந்தது கட்டடம். எரியாதது, பெட்டி கட்டத் தெரிந்த கைகள்!

உனக்கும் இதைத்தான் சொல்கிறேன். அளந்து பார்த்தபின் ‘போச்சு’ என்று தெரிந்தால், அதுவும் வெற்றியே. எது போனது என்று பெயர் சொல்ல முடிகிறதே! தேர்வு போனது, படிக்கத் தெரிந்த தலை போகவில்லை. கடை போனது, வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பேசக் கற்ற பழக்கம் போகவில்லை. முதல் போட்ட பணம் போனது. எந்த இடத்தில் கடை வைக்கக் கூடாது என்ற அறிவு வந்திருக்கிறது. போனதைத் தனியாக எழுது, இருப்பதைத் தனியாக எழுது. இரண்டையும் ஒரே குழியில் போட்டு மண்ணைத் தள்ளாதே!

நெருப்பு எங்கே இருக்கிறது?

கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும், என்னால் முடியும்’ என்று நூறு முறை கத்தினால் தன்னம்பிக்கை வந்துவிடும் என்று சொல்லித் தருகிறார்கள். உதைக்கிற காரின் முன் நின்று ‘நீ நல்ல பெட்டி, நீ நல்ல பெட்டி’ என்று கத்திப் பார், வெடித்த ஹோஸ் ஒட்டிக்கொள்கிறதா என்று! வெறும் கூச்சல் மாலைக்குள் ஆறிவிடும். நீ கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, முள்ளில் அளந்து தெரிந்துகொண்ட ஒன்றை எவனாலும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாது. தன்னம்பிக்கையின் நெருப்பு அங்கே இருக்கிறது. அடியில் படுத்து எழுந்தவனின் குரலில் ஒரு அழுத்தம் வரும் பார், அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது!

எட்டாத உயரத்தில் இல்லை அந்தத் திறமை. டர்போ ஹைட்ரமாட்டிக் பெட்டியின் சவ்வு கிழிந்ததைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. ஒரு ஹோஸைக் கழற்றும் துணிவும், விரலில் விழும் சொட்டின் நிறத்தைப் பார்க்கும் பொறுமையும் போதும். மனிதனுக்கும் அவ்வளவுதான். துணிவு, பொறுமை, வரிசை. இந்த மூன்றையும் பிறவியிலேயே கொண்டுவந்தவன் எவனும் இல்லை. பழகியவன் உண்டு, பழகாதவன் உண்டு. நீ எந்தப் பக்கம்?

ஆகவே தோழா, இன்று இரவே ஒரு நோட்டை எடு. உன்னை உதைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை, ஒன்றே ஒன்றை, அதில் எழுது. எப்போது உதைக்கிறது, யார் முன்னால் உதைக்கிறது, எந்தச் செய்தியை நம்பியபோது உதைக்கிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டே வா. காசு செலவில்லாத சோதனையை முதலில் செய். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியபின் ஓட்டிப் பார். சரியாகவில்லையா? காரணங்களின் பட்டியலில் ஒன்றை அடித்துவிட்டாய், மிச்சமிருப்பது குறைந்துவிட்டது! அடுத்ததைத் தொடு. அதுவும் இல்லையா? அதற்கடுத்தது! காரணங்களுக்கு எண்ணிக்கை உண்டு, முடிவு உண்டு. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு முன்னேறுகிறவன் முன்னால் எந்தப் பழுதும் ஒளிந்திருக்க முடியாது!